கணக்கு இல்லாத தாள் என்று நம்பிச் சேராதீர்கள்: சென்னையில் எச்.ஆர்.எம். அடிப்படைப் பாடம், ஒரு மதிப்புரை

சென்னையில் எம்.பி.ஏ., எம்.காம்., பி.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. என எதில் சேர்ந்தாலும் ஏதோ ஒரு செமஸ்டரில் எச்.ஆர்.எம்., அதாவது மனிதவள மேலாண்மைத் தாள் வந்து நிற்கும். ஃபைனான்ஸோடும் ஓ.ஆர். என்ற கணித முறைத் தாளோடும் மல்லுக்கட்டும் மாணவர்கள் இதில்தான் மூச்சுவிடுகிறார்கள். கணக்கு கிடையாது, கடைசி இரண்டு நாள் புரட்டினால் போதும், பக்கம் பக்கமாக எழுதினால் மார்க் விழும் என்று சீனியர்கள் சொல்லிவைப்பார்கள். இந்தப் பெயர்தான் பாடத்துக்கு நேர்ந்த பெரிய கேடு. மனிதவள மேலாண்மையின் அடிப்படை பாதி கணக்கு, பாதி சட்டம். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாமலும் ஊழியர் மீதான குற்றச்சாட்டை எழுதிக் கொடுக்கும் சார்ஜ் மெமோவைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாமலும் இந்தத் தாளில் முதல் வகுப்பு வாங்கிவிட முடிகிறது. அதனால் பாடத்திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம், அது நடத்தப்படும் விதத்துக்குத் தர முடியாது.

பாடம் பெரும்பாலும் ஐந்து யூனிட்: வரலாறும் நோக்கமும், ஆள் திட்டமிடலும் தேர்வும், பயிற்சி, ஊதியமும் ஊக்கமும், மதிப்பீடும் ஒழுங்கு நடவடிக்கையும். அண்ணா பல்கலைக்கழக எம்.பி.ஏ. வினாத்தாளில் 2 மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, கடைசியில் 15 மார்க்குக்கு ஒரு கேஸ். மாணவர்கள் வழுக்கும் இடம் அந்தக் கடைசிக் கேஸ்தான். அதில் வரையறையை எழுதினால் மார்க் நகராது. யார் என்ன செய்தார், எந்த விதி மீறப்பட்டது, நாளை காலை எச்.ஆர். என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

முதல் யூனிட்டை ஒரே நாளில் முடித்துவிடலாம். டெய்லரின் அறிவியல் மேலாண்மை, சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை தொழிலாளர் உற்பத்தித்திறன் பற்றி நடந்த ஆய்வுகள், பிறகு 'பெர்சனல் மேனேஜ்மென்ட்' எப்படி 'எச்.ஆர்.' ஆனது என்ற அட்டவணை, அவ்வளவுதான். வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. சென்னை மாணவருக்கு ஹாதார்ன் ஆலை தெரிகிறது, பெரம்பூர் பின்னி ஆலை தெரிவதில்லை. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். 1920இல் ஆலை கதவடைத்தபோது பி.பி. வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள் மீது நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றச் சதி ஆகிவிடக்கூடும் என்ற அந்த நிலைதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்குத் தூண்டுகோல். சங்க நிர்வாகிகளுக்கு அந்தச் சட்டம் தந்த பாதுகாப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேஸ் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் நடுவிலும் சங்கத்தின் பதிவும் அங்கீகாரமும்தான் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் 'இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ்' என்ற சொல்லுக்கு உயிர் வரும்.

இரண்டாம் யூனிட்டில்தான் பாடம் உண்மையில் தொடங்குகிறது. பணிப் பகுப்பாய்வு, அதாவது ஜாப் அனாலிசிஸ், இல்லாமல் விளம்பரமும் தேர்வும் சம்பள நிர்ணயமும் காற்றில் நிற்கும். ஆனால் வகுப்பில் அதன் முறைகளைப் பட்டியலாகப் போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். ஒரு வேலையை எடுத்துச் செய்து பார்த்தால் மட்டுமே இது பிடிபடும். ரங்கநாதன் தெருத் துணிக்கடை விற்பனையாளர் வேலையை எடுத்துக்கொள்ளலாம். அந்த வேலையில் இருக்கும் ஆறு அல்லது எட்டுப் பேரை சாதாரண நாளில் ஒரு முறையும் ஆடித் தள்ளுபடி நாளில் ஒரு முறையும் கவனிக்க வேண்டும். ஒரே நாள் பார்த்தால் பாதி வேலை கண்ணில் படாது. பிறகு ஒவ்வொரு கடமையையும் 'எதை, எப்படி, எதற்காக' என்ற வடிவத்தில் எழுத வேண்டும். "பிரித்துக் காட்டிய சேலைகளை விலை வாரியாக மடித்து அடுக்குவது, அடுத்த வாடிக்கையாளருக்கு உடனே எடுத்துக் கொடுக்க" என்பது கடமை. "சுறுசுறுப்பாக இருப்பது" கடமை ஆகாது. எழுதியதை மேற்பார்வையாளரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே பணி விவரணம், தகுதி விவரணம் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. முதலாவது, பணியிடத்தை எழுதாமல் அதில் இருக்கும் ஆளை எழுதிவிடுவது. பத்து வருடம் பழகியவர் தாமாக எடுத்துச் செய்யும் வேலையெல்லாம் விவரணத்தில் ஏறிவிடும், புதிதாக வருபவரால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டாவது, தேவையில்லாமல் டிகிரி கேட்பது. இந்த உதாரணத்தில் சட்டமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தத்தின்படி கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வைத்தாக வேண்டும். 'நாள் முழுக்க நின்றபடி வேலை' என்று விவரணம் எழுதினால் அந்த வரியே சட்டத்துக்கு முரண்.

ஆட்சேர்ப்புக் கணக்கும் இதே யூனிட்டில்தான். ஒரகடத்தில் ஒரு ஆலைக்கு 30 பயிற்சியாளர் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஆஃபர் வாங்கும் மூவரில் இருவர்தான் சேர்வார்கள் என்றால் 45 ஆஃபர் கொடுக்க வேண்டும். நேர்காணலுக்கு வரும் மூவரில் ஒருவருக்கு ஆஃபர் என்றால் 135 பேர் வர வேண்டும். நான்கு விண்ணப்பத்துக்கு ஒருவர் நேர்காணலுக்குத் தேறுவார் என்றால் 540 விண்ணப்பம். பின்னாலிருந்து முன்னால் வருவதுதான் முறை. மாணவர்கள் முன்னாலிருந்து தொடங்கி, எல்லாக் கட்டத்துக்கும் ஒரே விகிதத்தைப் போட்டுவிடுகிறார்கள். பாலிடெக்னிக் கேம்பஸ், வேலைவாய்ப்பு முகாம், ஊழியர் பரிந்துரை என்று வழி மாறும்போது விகிதமும் மாறும், தனித்தனியாகப் போட வேண்டும்.

ஆட்தேர்வுப் பகுதியில் பாடநூல்கள் பழையதாகிவிட்டன. ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி பிற்கால வேலைத்திறனோடு உள்ள ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம்) பொதுவான அறிவுத்திறன் தேர்வுக்கும் கட்டமைத்த நேர்காணலுக்கும் 0.51, கட்டமைக்காத நேர்காணலுக்கு 0.38 என்ற எண்கள் நோட்ஸ்களில் உலவுகின்றன. 2022இல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் பழைய ஆய்வின் புள்ளியியல் திருத்தம் அந்த எண்களை மிகைப்படுத்தியிருந்ததைக் காட்டினார்கள். கட்டமைத்த நேர்காணல் 0.42 என்று முதலிடத்துக்கு வந்தது, அறிவுத்திறன் தேர்வு 0.31க்கு இறங்கியது. தேர்வில் இந்தத் திருத்தத்தை ஒரு வரி எழுதினால் விடைத்தாள் தனியாகத் தெரியும். செய்முறை எளிது: பணி விவரணத்திலிருந்து ஐந்து கேள்வி, எல்லாருக்கும் அதே கேள்வி அதே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் 1, 3, 5 மதிப்பெண் எந்த மாதிரி பதிலுக்கு என்று முன்கூட்டியே எழுதிய தாள், இரண்டு பேர் தனித்தனியாகப் போட்ட மார்க். மார்க் போடும் முன் இருவரும் பேசிக்கொண்டால் இரண்டாவது ஆள் இருந்தும் பயனில்லை.

பயிற்சி யூனிட் சுமார். 'ஆன் தி ஜாப்', 'ஆஃப் தி ஜாப்' முறைகளின் நீண்ட பட்டியல். பயிற்சியின் பலனை அளக்கும் கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகளை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். நடைமுறையில் முதல் நிலையான கருத்துப் படிவத்தோடு நின்றுவிடுகிறது. வேலையில் நடத்தை மாறியதா என்று பார்க்கும் மூன்றாம் நிலையை அளக்க வேண்டுமானால் பயிற்சிக்கு முன்னரே ஒரு அளவு எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் இந்த யூனிட் பாதி உருப்பட்டுவிடும்.

இனி ஊதியம். இந்தப் பாடத்தின் இதயம் இதுதான், மிக மோசமாகக் கையாளப்படுவதும் இதுதான். 'காம்பென்சேஷன்' என்ற தலைப்பில் பாயிண்ட் முறை, ரேங்கிங் முறை என்று வேலை மதிப்பீடு வரும், அதற்குப் பிறகு நேராக 'ஃப்ரிஞ்ச் பெனிஃபிட்ஸ்'. நடுவில் இருக்க வேண்டிய சம்பளச் சீட்டு இருக்காது. மாணவர் தாமாகவே இதைப் போட்டுப் பழக வேண்டும்.

பி.எஃப்.பில் தொடங்கலாம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் ஊழியர் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். முதலாளி பங்கும் 1,800தான், ஆனால் முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகாது. 8.33 சதவீதமான 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும் மீதி 550 ரூபாய் பி.எஃப்.புக்கும் போகும். பாஸ்புக்கில் முதலாளி குறைவாகக் கட்டியதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். புதிதாக எச்.ஆர். நாற்காலியில் உட்காருபவரிடம் தொழிலாளி கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று, பதில் தெரியாமல் விழித்தால் மரியாதை போய்விடும். இ.எஸ்.ஐ. என்ற ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் ஊழியர் பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலம். ஜூலையில் சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் செப்டம்பர் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். இன்கிரிமென்ட் போட்ட மாதமே பிடித்தத்தை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பணிக்கொடைக்கு வகுக்கும் எண் 26. கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × பணியாற்றிய ஆண்டு. மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்துவிட்டு விடை சரி என்று நம்புபவர்கள் நிறைய. சம்பளமில்லா விடுப்பான எல்.ஓ.பி. கணக்குக்குச் சில நிறுவனங்கள் 30, சில 26, சில அந்தந்த மாத நாள் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வதால் இந்தக் குழப்பம். ஒன்றின் வகுஎண்ணை மற்றொன்றில் போடக்கூடாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கின. கடைகளில் விற்கும் கைடுகளோ 1947, 1948 சட்டங்களின் பிரிவு எண்களையே ஒப்பித்துக்கொண்டிருக்கின்றன. அடிப்படைத் தாள் மாணவருக்கு முக்கியமான மாற்றம் 'ஊதியம்' என்ற சொல்லின் பொருள். ஊதியக் கணக்கில் சேராத வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற விலக்குகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் அடிப்படை 8,000, வாடகைப்படி 8,000, போக்குவரத்துப்படி 4,000 என்று வைத்துக்கொள்வோம். விலக்கு 12,000, பாதி 10,000. மிகுதி 2,000 ஊதியத்தில் ஏறி அது 10,000 ஆகும். பத்தாண்டுப் பணிக்கு 8,000ஐ வைத்தால் பணிக்கொடை 46,154 ரூபாய், 10,000ஐ வைத்தால் 57,692 ரூபாய். படிகளைப் பெரிதாக்கி அடிப்படையைச் சிறிதாக்கும் பழைய வழக்கத்துக்கு விழுந்த கட்டு இது. குறித்த கால ஒப்பந்த ஊழியருக்கு ஐந்து ஆண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே பணிக்கொடை, நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைகள் 300 தொழிலாளர் உள்ள நிறுவனத்திலிருந்து, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

மாநிலச் சட்டங்களைப் பாடநூல்கள் தொடுவதே இல்லை. சென்னையில் வேலை பார்க்கப் போகிறவருக்கு 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தெரியாமல் இருக்கலாமா? ஆண்டுக்கு ஒன்பது விடுமுறை கட்டாயம் என்ற 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக ஐந்து பண்டிகை நாட்கள். பாடத்திட்டத்தில் இடமில்லை என்றால் ஆசிரியர் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும்.

ஐந்தாம் யூனிட்டில் செயல்திறன் மதிப்பீடு பரவாயில்லை. ஒவ்வொரு ஊழியரையும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒப்பிடும் ஜோடி ஒப்பீட்டு முறையை எழுதும்போது அதன் விலையையும் எழுத வேண்டும். 20 ஊழியர் இருந்தால் 190 ஜோடி. எந்த மேலாளரும் நேர்மையாக 190 முறை யோசிக்க மாட்டார், ஐம்பதுக்கு மேல் கை தானாக டிக் அடிக்கும். வெளியேற்ற விகிதமும் இங்கேதான் வரும். ஆண்டுத் தொடக்கத்தில் 400, முடிவில் 440, வெளியேறியவர் 63 என்றால் சராசரி 420ஆல் வகுத்து 15 சதவீதம். முடிவு எண்ணால் வகுத்தால் 14.3 என்று அழகாகக் குறையும். கான்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிட்டால் இன்னும் குறையும்.

உள்விசாரணைக்குத்தான் தனிக் கவனம் தர வேண்டும். புகார், முதல்நிலை விசாரிப்பு, குற்றச்சாட்டுக் குறிப்பாணை (சார்ஜ் மெமோ), விளக்கம், விசாரணை அதிகாரி நியமனம், சாட்சியமும் குறுக்கு விசாரணையும், அறிக்கை, அறிக்கையின் நகலைக் கொடுத்து இரண்டாம் விளக்கம் கேட்பது, கடைசியில் உத்தரவு. வரிசையைத் தேர்வில் எல்லாரும் எழுதுவார்கள். எங்கே உடைகிறது என்பதை எழுதுபவர் குறைவு. "ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்" என்று தேதி, நேரம், இடம் இல்லாமல் மெமோ கொடுத்தால் அது நிற்காது. புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தால் நிற்காது. தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஆங்கில மெமோவில் கையெழுத்து வாங்கினாலும் கேள்வி எழும். இடைநீக்கக் காலத்துக்குத் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள்வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். இந்தப் பிழைப்பூதியத்தைக் கொடுக்காமல் விட்டதாலேயே தோற்ற விசாரணைகள் உண்டு. பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு வழி வேறு. 10 பேர் வேலை செய்யும் இடத்திலேயே உள்புகார்க் குழு வேண்டும், தலைவர் பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். புகார் கொடுக்க மூன்று மாதம், விசாரணையை முடிக்க 90 நாள்.

எங்கே படிப்பது? பொது எம்.பி.ஏ.வில் இந்தத் தாள் ஒன்றும் பிறகு சில விருப்பத் தாள்களும் மட்டுமே. தொழிற்சாலைப் பக்கம் போக நினைப்பவருக்கு, எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கின் முதுகலை மனிதவளப் படிப்போ, மாநிலத் தொழிலாளர் துறையின் கீழ் நடக்கும் தொழிலாளர் கல்வி நிலையத்தின் லேபர் மேனேஜ்மென்ட் படிப்போ ஆழமானவை. களப்பணியும் சட்டமும் அங்கே பாடத்தின் உடம்பிலேயே இருக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஆலைகளில் நல அலுவலர் பணிக்கு மாநில விதிகள் குறிப்பிட்ட பட்டங்களையும் பட்டயங்களையும் மட்டுமே ஏற்கும், எல்லா எம்.பி.ஏ.வும் அதில் வராது. சேரும் முன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பழைய சட்டத்தில் 500 தொழிலாளர் இருந்தால்தான் நல அலுவலர் கட்டாயம், புதிய தொகுப்பில் 250 இருந்தாலே என்று வந்திருப்பதால் அந்தப் பட்டத்துக்குத் தேவை கூடும்.

வேலையில் இருந்துகொண்டு படிப்பவருக்கு சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் உண்டு. தாள் எப்படி இருக்கிறது என்று முதலில் ருசி பார்க்க மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் போதும். வகுப்பு இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதில் வரும் ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். பாடங்களில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியாக 10, 30 எடுத்தாக வேண்டும். தேர்வில் 70 எடுத்தும் அசைன்மென்ட்டைத் தவறவிட்டுச் சான்றிதழ் இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

புத்தகம் வாங்கும்போது அமெரிக்க நூலின் இந்தியப் பதிப்பு ஒன்று தேர்வு, பயிற்சி, மதிப்பீட்டுக்குப் போதும். ஊதியத்துக்கும் தொழிலுறவுக்கும் அது உதவாது, சட்டத் தொகுப்புகளின் பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாத மூலச் சட்டப் பிரதி, வாங்கிக்கொள்ள வேண்டும், விலை குறைவு. அச்சான வருடத்தைப் பார்க்காமல் பழைய புத்தகக் கடையில் சட்டப் புத்தகம் வாங்கக்கூடாது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து படிக்கலாம். தமிழில் எழுதும் மாணவர்கள் 'ஆட்சேர்ப்பு' என்பதையும் 'ஆட்தேர்வு' என்பதையும் மாற்றி மாற்றிப் போடாமல் இருந்தாலே விடை தெளிவாகிவிடும். முதலாவது ஆட்களை வரவழைப்பது, இரண்டாவது வந்தவர்களில் பொறுக்குவது.

ப்ராஜெக்ட்தான் இந்தப் படிப்பு தரும் அரிய வாய்ப்பு, வீணாவதும் அதுதான். 'ஊழியர் திருப்தி பற்றிய ஓர் ஆய்வு' என்று 120 படிவம் நிரப்பி, சதவீதம் போட்டு, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனையோடு முடிப்பது சென்னை எங்கும் ஒரே அச்சு. அதற்குப் பதில் ஒரு ஷிஃப்ட்டின் வருகைப் பதிவை எடுங்கள், பெயர்களை நீக்கி, எழுத்தில் அனுமதி வாங்கி. 180 தொழிலாளர், 25 வேலை நாள் என்றால் 4,500 மனித நாள். இழந்தது 315 என்றால் வராமை 7 சதவீதம். அதை வார நாள் வாரியாக, ஷிஃப்ட் வாரியாக, கம்பெனி பஸ் தடம் வாரியாகப் பிரியுங்கள். திங்கள் காலையில் ஒரு தடத்தில் மட்டும் எண் ஏறினால் காரணம் மனநிலையில் இருக்காது, பஸ் நேரத்தில் இருக்கும். வைவாவில் இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எந்தப் பதிவேடு, எந்த மாதம், எந்தப் பத்தி என்று சொல்ல முடியும்.